இலக்கியத் திருவிழா: கேட்கப் போகிறோமா? கும்பிடப் போகிறோமா?

நமது வாசகசாலையைச் சேர்ந்த தோழர்கள் நால்வர் கோழிக்கோட்டுக் கடற்கரையில் நடக்கும் கேரள இலக்கியத் திருவிழாவுக்குப் போய் வருவதென்று முடிவாகியிருக்கிறது. அங்கத்தினர்கள் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்த பணம் வழிச்செலவுக்குச் சேர்ந்தும் விட்டது. ஆனால், போவது என்று முடிவு செய்ய அரைமணி நேரம் பிடித்ததென்றால், போய் யார் பேச்சைக் கேட்பது என்பது மூன்று இரவு பேசியும் முடிவாகவில்லை. நிகழ்ச்சி நிரலை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு தோழர்கள் போட்ட சண்டையை நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்கக் கேட்க, இது அந்த நால்வருடைய சங்கதி மாத்திரமல்ல, இப்பொழுது ஊருக்கு ஊர் பெருகிவரும் இம்மாதிரி விழாக்களுக்குப் போகிற அத்தனை பேருடைய சங்கதியும் இதுதான் என்று நமக்குப் பட்டபடியால், நமது அபிப்பிராயத்தைச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம். சிலருக்குக் கசக்கும். கசப்பதற்கு நாம் என்ன செய்வது?

முதல் தோழர் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு, நிரலில் கண்ட பெரிய பெயர்களுக்கெல்லாம் கோடு போட்டார். "ஏன் தோழரே இந்தப் பேச்சு?" என்று கேட்டோம். "அவர் பெரிய எழுத்தாளராயிற்றே!" என்றார். "அவர் எழுதியதில் நீர் படித்தது எது?" என்றோம். "இன்னும் ஒன்றும் படிக்கவில்லை, நேரில் பார்த்துவிட்டால் போதும்" என்றார். "பார்த்து?" என்றோம். "ஒரு கையெழுத்து, முடிந்தால் ஒரு செல்ஃபி" என்றார். சரிதான்! கோயில் வாசலை மிதித்து இருபது வருஷமாயிற்று என்று கூட்டத்துக்குக் கூட்டம் மார்தட்டிக்கொள்கிற தோழர், கர்ப்பக்கிருகத்தை அப்படியே பெயர்த்துக் கடற்கரையில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். மூலவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அர்ச்சகருக்குப் பதிலாக, பக்கத்து நாற்காலியிலிருந்து துதிபாடுகிறவர் இருக்கிறார். விபூதிக்குப் பதிலாகக் கையெழுத்து. தேங்காய் மூடிக்குப் பதிலாகப் புகைப்படம். வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் காட்டுவதற்கு ஒரு சான்று கிடைத்ததே தவிர, அந்த மனிதர் என்ன சொன்னார் என்று கேட்டால் "நன்றாகப் பேசினார்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வருமா? வராது. தரிசனம் செய்தவனிடம் சாமி என்ன சொல்லிற்று என்று கேட்டால் அவன்தான் என்ன சொல்லுவான்?

இரண்டாவது தோழர் கணக்கில் சூரர். நிகழ்ச்சி நிரலைப் பஞ்சாங்கம் பார்க்கிறமாதிரி பார்த்து, பத்துமணிக்கு இந்த மேடை, பதினொன்றுக்கு அந்த மேடை, பன்னிரண்டுக்கு மூன்றாவது மேடை என்று, இடையில் ஒரு நிமிஷங்கூட விடாமல், நாள் ஒன்றுக்கு ஒன்பது பேச்சு வீதம் அட்டவணை போட்டுவிட்டார். தண்ணீர் குடிக்கவும் அவர் அட்டவணையில் இடமில்லை. கடற்கரை மணலில், ஜனக்கூட்டத்துக்குள் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு நடந்து போகவே கால்மணி நேரம் பிடிக்குமே, போனால் நிற்கவாவது இடமிருக்குமா என்ற யோசனையே அவருக்கு இல்லை. இவர் முதல் பேச்சின் முடிவையும் கேட்கமாட்டார். இரண்டாவது பேச்சின் ஆரம்பத்தையும் கேட்கமாட்டார். ஆனால் ஊருக்கு வந்து "பதினெட்டுப் பேச்சுக் கேட்டேன்" என்பார். காசிக்கும் போய், ராமேசுவரத்துக்கும் போய், நூற்றெட்டு ஸ்தலமும் சேவித்தேன் என்று கணக்குச் சொல்லுகிறவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கிறோம்.

இதை நாம் கேலிக்காகச் சொல்லவில்லை. இதற்குள் ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது. போகிற தோழர்களில் ஒருவர் பஞ்சாலைத் தொழிலாளி. இரண்டு நாள் போனால் இரண்டு நாள் கூலி போயிற்று. கடற்கரை விழாவுக்கு நுழைவுக் கட்டணமில்லை என்பது வாஸ்தவம். நாம் அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அவருக்கு அது இலவசமா? இரண்டு நாள் கூலி கொடுத்துவிட்டுத்தான் அவர் அந்த மணலில் உட்காருகிறார். நான்கு நாள் விழாவில், பல மேடைகளில், நூற்றுக்கணக்கான பேச்சுகள். அவருக்கு இருப்பதோ இரண்டு நாள். ஒழுங்காக, முதலிலிருந்து கடைசிவரை, மனத்தில் வாங்கிக் கேட்பதென்றால் ஒரு நாளைக்கு நாலு பேச்சுக்குமேல் எந்த மனிதனாலும் ஆகாது. ஆக மொத்தம் எட்டு. இந்த எட்டைப் பொறுக்கும் வேலையைப் பத்திரிகையில் வந்த படத்துக்கும், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பரிசுப் பட்டியலுக்கும் விட்டுவிடுவதா? மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், கழுத்து மணியின் சத்தத்தைக் கேட்டு வாங்குவதுண்டா?

நிற்க, இவ்விழாக்கள் ஒன்றும் ஆதிகாலந்தொட்டு வந்தவையல்ல. இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் 1949இல் தொடங்கிய விழாவைத்தான் இவற்றுள் மூத்தது என்கிறார்கள். எடின்பரோ புத்தக விழா 1983இல் வந்தது. வேல்ஸ் எல்லையில் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஹே என்ற சிற்றூரில் 1988இல். நம் தேசத்தில் ஜெய்ப்பூர் விழா 2006இல். இலங்கையில் காலிக் கோட்டைக்குள் 2007இல். கோழிக்கோட்டில், டி.சி. கிழக்கேமுறி பேரால் அமைந்த அறநிறுவனம் இவ்விழாவைத் தொடங்கியது 2016இல். 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் கோழிக்கோட்டை இலக்கிய நகரம் என்று அறிவித்தது. இந்தியாவில் அப்பெயர் முதலில் பெற்ற ஊர் அதுதான். ஆகவே மனிதன் நேற்று ஏற்படுத்திய காரியம் இது. நேற்று ஏற்படுத்தியதை இன்று நாம் நமக்கு வேண்டியபடி உபயோகித்துக்கொள்ளலாம். இதில் சம்பிரதாயம் என்று பயப்படுவதற்கு ஒன்றுமில்லை.

இனி, மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளிக்கூடம் போனவரல்ல. இங்கிலீஷ் படித்ததெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு, தெருவிளக்கிலும் வாசகசாலைத் திண்ணையிலுந்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு நகரத்து விழாவில் (ஊர்ப்பெயர் வேண்டாம்) பெரிய இங்கிலீஷ் பேச்சு ஒன்றுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தோம். மற்றவர்கள் கைதட்டியபோது தட்டினோம். முடிந்து வெளியே வரும்போது, பக்கத்திலிருந்த பட்டதாரி ஒருவரிடம், "ஐயா, நடுவில் ஏதோ முக்கியமாகச் சொன்னாரே, அது என்ன?" என்று மெதுவாகக் கேட்டோம். அவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தலையாட்டியதைப் பார்த்து உங்களுக்குப் புரிந்தது என்று நினைத்தேன், நானே உங்களைக் கேட்கலாமென்றிருந்தேன்" என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்புத்தான் அந்த விழாவில் நமக்குக் கிடைத்த உண்மையான லாபம். வெட்கப்பட்டுக்கொண்டு புரியாத பேச்சில் தலையாட்டுவதைவிட, புரிகிற பேச்சில் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பது மேல். நமது தோழர்களில் இருவருக்கு மலையாளம் காதில் ஏறும்; பாலக்காட்டுப் பக்கம் வேலை பார்த்தவர்கள். ஆகவே மலையாளப் பேச்சுகளுக்கு அவர்கள் போகட்டும். "கேரளத்துக்குப் போய் மலையாளமா கேட்பது, வெளிநாட்டாரை அல்லவா கேட்கவேண்டும்" என்று மூக்கைச் சுளித்த தோழருக்கு ஒன்று சொல்லுகிறோம். வெளிநாட்டார் பேசியது நாளைக்கே செல்பேசியில் வந்துவிடும். அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் தம் ஊர் நாவலைப் பற்றிப் பேசுவது எங்கேயும் வராது.

நிரலைப் படிப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும். எழுத்தாளர் பெயரை மாத்திரம் பார்த்தால் போதாது. கூடவிருந்து கேள்வி போடுகிறவர் யார் என்று பார்க்கவேண்டும். கேள்வி போடுகிறவர் எழுத்தாளருக்கு நெருங்கிய சிநேகிதராயிருந்தால், ஐம்பது நிமிஷமும் கல்யாண வீட்டுச் சம்பந்திகள் உபசாரம்தான். "இவ்வளவு அருமையாக எப்படி எழுதினீர்கள்?" என்பது ஒரு கேள்வியா? அப்படியே, போன மாதம் வெளியான புத்தகத்தின் தலைப்பையே பேச்சின் தலைப்பாகப் போட்டிருந்தால், அது பெரும்பாலும் விற்பனைக்கான பேச்சு. அதைத் தப்பென்று சொல்லவரவில்லை. புத்தகம் விற்கத்தான் வேண்டும். பதிப்பாளர் பணம் போட்டவர். ஆனால் நமது எட்டில் ஒன்றை அதற்குக் கொடுக்கவேண்டுமா என்பதுதான் யோசனை. மூன்று பேர் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்ளும் மேடையைவிட, இரண்டு பேர் மனம் ஒவ்வாமல் வாதாடும் மேடை நூறு பங்கு மேல். கவிதை வாசிப்பும் கதை வாசிப்பும் நிறைய இருக்கும். ஒன்றிரண்டு கேட்டால் போதும். அதற்கு மாறாக நோயைப் பற்றி, நிலத்தைப் பற்றி, கணக்கைப் பற்றி, வானத்தைப் பற்றிப் பேசுகிறவர் யாராவது ஓரத்து மேடையில் தள்ளப்பட்டிருப்பார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து என்ற விஞ்ஞானப் பிரசார சபை 1962இல் பிறந்தது அதே கோழிக்கோட்டில்தான். ஆகவே அந்த ஊரில் விஞ்ஞானம் பேசுகிற மேடைக்கு ஆள் சேராவிட்டால் அது அந்த ஊருக்கே அவமானம்.

மூன்றாவது தோழர் எழுப்பிய ஆட்சேபணைதான் நம்மைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. "வைதிகம் பேசுகிறவன் பேச்சுக்கும், நம்மை இழிவாக எழுதுகிறவன் பேச்சுக்கும் நாம் ஏன் போகவேண்டும்? போனால் அவனுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்ததாகாதா?" என்றார். இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. தேர்ப்பவனிக்குப் போய் நின்றுகொண்டு "நான் கும்பிட வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தேன்" என்றால், வடத்துக்குப் பின்னால் நிற்கிற தலை ஒன்று அதிகமானதுதான் மிச்சம். அது நமக்குத் தெரியும். ஆனால் தேருக்கு முன் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குவதில்லை. இங்கே ஒதுக்குகிறார்கள், கடைசிப் பத்து நிமிஷமாவது உண்டு. கேள்வி கேட்க இடமுள்ள கூட்டத்தில் எதிரியின் பேச்சைக் கேட்காமல் வருகிறவன், கோர்ட்டு வரைக்கும் போய்விட்டுக் குறுக்கு விசாரணை செய்யாமல் திரும்புகிற வக்கீலுக்கு ஒப்பாவான். ஆனால் ஒரு நிபந்தனை. முழுவதும் கேட்கவேண்டும்.

2013ஆம் வருஷம் ஜனவரியில் ஜெய்ப்பூர் விழாவில் நடந்தது தோழர்களுக்கு நினைவிருக்கலாம். ஆசிஷ் நந்தி என்ற பிரபல அறிஞர், ஊழல் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களிலிருந்து வருகிறவர்கள் என்ற கருத்துப்படப் பேசினார். மேடையிலிருந்த பத்திரிகையாளர் ஒருவர் அங்கேயே ஆட்சேபித்தார். வெளியே பெருங்கிளர்ச்சி ஏற்பட்டது. போலீசில் வழக்குப் பதிவாயிற்று. பெப்ரவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு அவரைக் கைது செய்யாமல் தடுத்து உத்தரவிட்டது. பணக்காரன் செய்யும் ஊழல் மறைவாகவே போய்விடுகிறது, ஏழை செய்வது மாத்திரம் வெளியில் தெரிகிறது என்பதே தாம் சொல்லவந்த கருத்து என்று அவர் விளக்கமளித்தார். அவர் விளக்கத்தையும் சேர்த்துப் படித்த பிறகும் அவர் பேசிய வாக்கியத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கணக்கையும் சாவியையும் கையில் வைத்திருந்தவன் யார், வாசலுக்கு வெளியே நின்றவன் யார் என்பது ஊரறிந்த சங்கதி. அப்படியிருக்க, நேற்று உள்ளே வந்தவன் தலையில் பழியைச் சுமத்துகிற வாக்கியம், விளக்கம் வேண்டியிருக்கும்படி சொல்லப்பட்டதே குற்றம். ஆனால் அதற்கு ஜெயில்தான் பதிலா? "ஐயா, எந்தக் கணக்கின்படி? யார் எடுத்த கணக்கு? பிடிபட்டவனை எண்ணினீரா, ஊழல் செய்தவனை எண்ணினீரா?" என்று அந்தச் சபையிலேயே நாலு பேர் எழுந்து கேட்டிருந்தால், அதுவே சரியான அடி. அதற்காக, புண்பட்டவன் கோபப்படவே கூடாது என்று உபதேசம் செய்யவும் நமக்கு உரிமையில்லை. சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பொறுமையைப் போதிப்பது எளிது.

அதற்கு முந்திய வருஷம் அதே ஜெய்ப்பூரில் நடந்ததோ, பேசவே விடாத கதை. சல்மான் ருஷ்டி 2007இல் அவ்விழாவுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். அப்பொழுது ஒரு சலசலப்புமில்லை. அதே மனிதர் 2012இல் வருவதாகப் பெயர் போட்டதும், உத்தரப் பிரதேசத் தேர்தல் நெருங்கியிருந்த நேரம் பார்த்து, மதத் தலைவர்கள் அவரை விடக்கூடாதென்று கிளம்பினார்கள். ஐந்து வருஷம் புண்படாத மனம் தேர்தல் வருஷத்தில் புண்பட்டது எப்படி? உயிருக்கு ஆபத்து என்று சொல்லப்பட்டு அவர் வரவில்லை. இந்நாட்டில் 1988 முதல் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த அவருடைய நாவலிலிருந்து, ஹரி குன்ஸ்ரு, அமிதவ குமார், ஜீத் தயில், ருசிர் ஜோஷி ஆகிய நான்கு எழுத்தாளர்கள் மேடையில் சில பகுதிகளை வாசித்தார்கள். பிறகு ஊரைவிட்டே போகவேண்டியதாயிற்று. கடைசி நாள் திரையிலாவது அவர் முகத்தைக் காட்டலாமென்றார்கள், அதுவும் நடக்கவில்லை. இப்படிப் பயந்து பயந்து ஒதுங்கியதால் ஆபத்து ஒழிந்ததா? 2022 ஆகஸ்டு 12ஆந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துச் சட்டாக்குவா என்ற இடத்தில் அவர் பேச உட்கார்ந்த மேடையிலேயே ஒருவன் ஏறிக் கத்தியால் குத்தினான். ஒரு கண் பார்வை போயிற்று. அந்தச் சமயத்தில் மேடைமேல் பாய்ந்து அவனைப் பிடித்து அமுக்கியவர்களில், பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்திருந்த சாதாரண ஜனங்களும் இருந்தார்கள். கேட்பவன் என்றால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பவன் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

தூரதேசத்துக்கு ஏன் போகவேண்டும்? பெருமாள்முருகன் 2010இல் எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளப்பி, 2015 ஜனவரியில் அவர் தம்மை எழுத்தாளனாக இறந்துவிட்டதாகவே அறிவிக்கும்படி செய்தது நமது தமிழ்நாட்டில்தான். 2016 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்த பிறகுதான் அவர் மறுபடியும் எழுத வந்தார். கேரளத்தில் எஸ். ஹரீஷ் எழுதிய 'மீசை' நாவல் 2018இல் ஒரு வாரப்பத்திரிகையில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்போதே, பயமுறுத்தல் காரணமாக அவர் அதை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. பின்பு டி.சி. புக்ஸ் அதைப் புத்தகமாக வெளியிட்டது. அதைத் தடைசெய்யக் கேட்ட மனுவை சுப்ரீம் கோர்ட்டு அந்த வருஷமே தள்ளிவிட்டது. இம்மாதிரி அடிபட்ட எழுத்தாளர் ஒருவர் பெயர் நிரலில் இருக்குமானால், அந்தப் பேச்சுக்கு நமது எட்டில் ஒன்று கட்டாயம் உண்டு. அவர் பெரியவர் என்பதற்காக அல்ல. அவர் எழுதியதெல்லாம் சரி என்பதற்காகவும் அல்ல. அவர் வாயை மூட நினைத்தவர்களுக்கு முன்னால் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக. போனபின் அவரிடமும் குறை கண்டால் கேட்கத்தான் வேண்டும். அடிபட்டவர் என்பதனால் ஒருவர் எழுத்து விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

விழாவுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஜெய்ப்பூர்க்காரர்கள் 2016 மே மாதம் லண்டனில் நடத்திய விழாவுக்கு வேதாந்தா கம்பெனி பணம் கொடுத்தது. எழுத்தாளர்களும் பொதுநலத் தொண்டர்களும் பலர் கையெழுத்திட்டுக் கண்டனக் கடிதம் விட்டார்கள். அதே கம்பெனியின் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடி ஜனங்கள் 2018 மே 22ஆந் தேதி ஊர்வலம் போனபோது நடந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 உயிர்கள் போயின. 2024இல் ஹே விழாவும் எடின்பரோ விழாவும் பெய்லி கிஃபோர்டு என்ற முதலீட்டுக் கம்பெனியின் பணத்தை, எண்ணெய் நிலக்கரிக் கம்பெனிகளிலும் இஸ்ரேலோடு சம்பந்தப்பட்ட கம்பெனிகளிலும் அது போட்டிருந்த முதலீட்டை எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சியால், கைவிட நேர்ந்தது. பணமில்லாமல் பந்தல் எழும்பாது என்பதை நாம் அறியாதவரல்ல. நமது வாசகசாலைக் கூரைக்கே ஓட்டு வியாபாரி ஒருவரிடம் கைநீட்டியிருக்கிறோம். ஆகவே பணம் வாங்கிய விழாவுக்கெல்லாம் போகாதே என்று நாம் சொல்லத் துணியோம். மேடைக்குப் பின்னால் தொங்கும் துணியில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதோ, அந்தக் கம்பெனி செய்கிற காரியத்தைப் பற்றி அந்த மேடையில் பேச்சு நடக்கிறதா என்று பார்த்து, நடக்காவிட்டால் எழுந்து கேள் என்றுதான் சொல்லுகிறோம்.

இதற்கிடையில் நான்காவது தோழர், பேச்சு ஒன்றை விட்டுவிட்டுப் பேப்பூருக்குப் போய் வைக்கம் முகம்மது பஷீர் வாழ்ந்த வீட்டையும், அவர் உட்கார்ந்திருந்த மங்குஸ்தான் மரத்தையும் பார்த்துவர வேண்டுமென்றார். மரத்தை என்ன செய்வதாக உத்தேசம், சுற்றி வருவதா என்று கேட்டுவிட்டோம். பிறகு கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று வருத்தப்பட்டோம். ஏனெனில் நால்வரில் 'பாத்துமாவின் ஆடு' படித்திருந்தவர் அவர் ஒருவரே. பஷீர் எர்ணாகுளத்தில் சொந்தமாகப் புத்தகக் கடை வைத்து நடத்தியவர். அந்த மனிதர் வீட்டுக்கு அவர் போய்வருவதில் நமக்கு ஆட்சேபணையில்லை.

இனி நமக்கே வெட்கமான ஒரு சங்கதியை அச்சில் போடவேண்டியிருக்கிறது. நால்வர் போட்ட பட்டியலையும் சேர்த்துப் பார்த்தபோது, அதில் ஒரு பெண் எழுத்தாளர் பேச்சுக்கூட இல்லை. "பெண் எழுத்து என்று தனியாக ஒரு மேடை போட்டிருக்கிறார்களே, அது பெண்களுக்கு" என்றார் ஒருவர். பெண்களுக்கு என்றால், நீங்கள் போகிற நால்வரில் பெண் யார் என்று கேட்டோம். பதிலில்லை. வசூல் கொடுத்தவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். போகிறவர்கள் நால்வரும் ஆண்கள்! மணிக்கணக்கில் சமத்துவம் பேசுகிற வாசகசாலையின் யோக்கியதை இது. அப்பொழுதுதான், தையல் வேலை செய்யும் பெண் தோழர் ஒருவர், பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, தாம் தனியாக எழுதி வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார். அதில் நான்கே பேச்சுகள் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு, மொழிபெயர்ப்பாளர்கள் பேசுவது. மற்ற நால்வரும் மொழிபெயர்ப்பாளர் பக்கமே திரும்பவில்லை. மூலவரிருக்க உற்சவரா என்ற எண்ணம்போலும். "நான் மலையாளம் படித்ததில்லை, ஆனால் மலையாளப் புத்தகம் படித்திருக்கிறேன், அதை எனக்குக் கொடுத்தவர் மொழிபெயர்த்தவர்தானே, அவர் எதை விட்டார், எதை மாற்றினார் என்று எனக்குத் தெரியவேண்டும்" என்றார். அவர் படித்தது தகழியின் 'தோட்டியின் மகன்'. சுந்தர ராமசாமி தமிழில் தந்தது. 1947இல் வெளிவந்த அந்த நாவல் ஆலப்புழையில் மலமள்ளும் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. அதில் வருகிறவன் பெயர் சுடலைமுத்து. நம் தெற்குச் சீமைப் பெயர். நூலக முத்திரை போட்ட அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் அவர் போட்டிருந்த குறிகளைப் பார்த்தபோது, மூன்று இரவுகளாக நாம் எல்லோரும் பேசியதில் உள்ள காற்று இறங்கிப் போயிற்று.

கடைசியாக ஏற்பட்ட ஏற்பாடு இதுதான். கணக்கில் சூரரான தோழர் தாமாகவே விலகிக்கொண்டு தம் இடத்தைத் தையற்காரத் தோழருக்கு விட்டுக்கொடுத்தார். வண்டி நேரமும் செலவுக் கணக்கும் அவரே எழுதிக் கொடுப்பார். நாளைக்கு நாலு பேச்சு, அதற்குமேல் இல்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒருவராவது அந்த எழுத்தாளர் புத்தகம் ஒன்றை முன்னாடியே படித்திருக்கவேண்டும். படிக்காவிட்டால் அந்தப் பேச்சு பட்டியலிலிருந்து எடுபடும். இதனால் சிவப்பு மையில் கோடுபட்ட பெயர்களில் ஆறு போய்விட்டன. ஒன்றுக்காக அந்தத் தோழர் இப்பொழுது ராத்திரியில் கண்விழித்துப் படித்துக்கொண்டிருக்கிறார், நல்லதுதான். கேள்வி கேட்க விரும்புகிறவர் கால்மணி முன்னதாகப் போய் நடைபாதை ஓரத்தில் உட்காரவேண்டும். பல இடங்களில் ஒலிபெருக்கி முன்வரிசையோடு நின்றுவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். கேள்வி கேள்வியாக இருக்கவேண்டும். கேள்வி என்று எழுந்து பிரசங்கம் செய்கிற நமது பழைய வியாதியை வாளையாற்றுக்கு இப்பாலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். கையெழுத்து வாங்குவதை யாரும் தடுக்கவில்லை. படித்த புத்தகத்தில் வாங்கட்டும்.

தோழர்கள் திரும்பி வந்த மறு ஞாயிறு மாலை வாசகசாலையில் அறிக்கை வாசிக்கப்படும். பணம் கொடுத்தவர்கள் யாவரும் வந்து கேட்கலாம். குறுக்கே கேள்வியும் போடலாம். எந்தப் பேச்சில் தூங்கினார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டுமென்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தையற்காரத் தோழர் தம் கேள்வியை இப்பொழுதே எழுதி நம்மிடம் காட்டினார்: "மலமள்ளும் வேலைக்கு 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் சாக்கடைக் குழியில் ஆள் இறங்கிச் சாகிறான். அவனைப் பற்றி நீங்கள் எழுதியதை நாங்கள் படித்தோம். அந்தக் குழியில் இறங்கியவர் யாரையாவது இந்த நான்கு நாளில் எந்த மேடையில், எத்தனை மணிக்குப் பேச அழைத்திருக்கிறீர்கள்? நாங்கள் அங்கே போகவேண்டும்."